பிணை என்ற ஒரு சொல்: ‘விண்டர்ஸ் போன்’ படத்தைத் தமிழர்களுக்குத் திரையிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள திரைப்படச் சங்கத்தாருக்கும், அயல்மொழிப் படங்களுக்குத் தமிழில் துணைவசனம் எழுதுவோருக்கும் வணக்கம்.

‘விண்டர்ஸ் போன்’ என்ற அமெரிக்கப் படத்துக்கு அறிவிப்பு எழுதும்போது ‘வறுமையின் கொடுமையைச் சித்திரிக்கும் இருண்ட படம்’ என்று எழுதாதீர்கள். எங்கள் முதல் வேண்டுகோள் இதுதான். அப்படி எழுதினால் வருகிறவர் கைக்குட்டையோடு வருவார். அழுகை வராது. படம் இழுக்கிறது என்று சொல்லிப் பாதியில் எழுந்துபோவார். அந்தப் படத்தில் கண்ணீர் குறைவு, கணக்கு அதிகம்: இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, வீடு எவ்வளவு பெறும், போதாமல் போன பணத்தை யார் கட்டினார், யார் யாருக்கு என்ன முறை. இந்தக் கணக்கு பிடிபட்டவருக்கு அது விறுவிறுப்பான துப்பறியும் கதை. பிடிபடாதவருக்கு, குளிரில் ஒரு பெண் வீடு வீடாக ஏறி இறங்குவது மட்டும்தான் தெரியும். எது நடக்கும் என்பதைத் துணைவசனமும், படத்துக்கு முன் பேசுகிற ஐந்து நிமிடமும், புரொஜெக்டரைப் பொருத்தும் விதமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கதையின் முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே பேசுகிறோம். படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

அறிவிப்புக்குத் தேவையான விவரம் கொஞ்சம்தான். டேனியல் வுட்ரெல் 2006-ல் எழுதிய நாவலைத் தழுவி டெப்ரா கிரானிக் இயக்கியது. திரைக்கதையில் அவருடன் ஆன் ரோசெல்லினி. 2010-ல் சன்டான்ஸ் விழாவில் அமெரிக்க நாடகப் படங்களுக்கான நடுவர் குழுப் பெரும்பரிசு. அடுத்த ஆண்டு நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள்: சிறந்த படம், தழுவல் திரைக்கதை, நடிகை ஜெனிஃபர் லாரன்ஸ், துணை நடிகர் ஜான் ஹாக்ஸ். நான்கில் ஒன்றும் கைக்கு வரவில்லை. தயாரிப்புச் செலவு சுமார் 20 லட்சம் டாலர். அமெரிக்கக் கணக்கில் இது சில்லறை. ஓட்டம் 100 நிமிடம். இவ்வளவு போதும். நடிகையின் பிற்காலப் புகழை அறிவிப்பில் பெரிதாகப் போட்டால் கூட்டம் வரும், ஆனால் வேறு படத்தை எதிர்பார்த்து வரும்.

இனி பிணைக்கு வருவோம்.

ரீ டாலிக்கு 17 வயது. மனம் ஒடுங்கிப் பேச்சற்றுப்போன அம்மா, 12 வயதுத் தம்பி, 6 வயதுத் தங்கை. அப்பா ஜெஸப், மெத் என்னும் போதைப்பொருள் காய்ச்சிப் பிடிபட்டு, பிணையில் வெளியே வந்தவர். ஆளைக் காணவில்லை. ஒருநாள் ஷெரிஃப், அதாவது உள்ளூர்ப் போலீஸ் தலைவர், வாசலில் வந்து நின்று, விசாரணை நாளன்று அப்பா வராவிட்டால் வீடும் அதைச் சேர்ந்த மரக்காடும் போய்விடும் என்கிறார். வெளியே வருவதற்காக ஜெஸப் அவற்றைத்தான் பிணையாக எழுதிக்கொடுத்திருக்கிறார். படம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே வரும் இந்தப் பேச்சு மிகக் குறுகியது. தமிழ்ப் பார்வையாளர் தடுமாறுகிற முதல் இடமும் இதுவே. ஜாமீன் என்றதும் நம் மனதில் தெரிந்தவர் ஒருவர் கோர்ட்டில் வந்து கையெழுத்துப் போடும் காட்சி எழுகிறது. அப்பா ஓடிப்போனால் ஜாமீன் போட்டவர் பாடு, பிள்ளைகளை ஏன் வீதியில் தள்ளவேண்டும் என்று பக்கத்து நாற்காலியில் முணுமுணுப்பு கேட்கும்.

அமெரிக்காவில் பிணை ஒரு வியாபாரம். லாபத்துக்காகப் பிணை கொடுக்கும் நிறுவனங்கள் உலகில் அங்கும் பிலிப்பைன்ஸிலும் மட்டுமே சட்டப்படி இயங்குகின்றன. அமெரிக்காவுக்குள்ளேயே இல்லினாய், கென்டக்கி, ஓரிகன், விஸ்கான்சின் மாநிலங்கள் அதைத் தடை செய்திருக்கின்றன. கதை நடக்கும் மிசூரியில் அது உண்டு. நடைமுறை இதுதான். நீதிபதி 10,000 டாலர் என்று தொகை வைக்கிறார் என்று கொள்வோம். அவ்வளவு பணம் இல்லாதவர் பிணைத் தரகரிடம் போகிறார். தரகர் வழக்கமாக 10 சதவீதம், அதாவது 1,000 டாலர், கட்டணமாக வாங்கிக்கொள்கிறார். வழக்கில் விடுதலையே ஆனாலும் அது திரும்பாது. முழுத்தொகைக்கு அவர் கோர்ட்டில் பொறுப்பேற்கிறார். தன் பாதுகாப்புக்கு வீடு, நிலம், வண்டி என்று எதையாவது எழுதி வாங்கிக்கொள்கிறார். ஆள் விசாரணை நாளன்று வராவிட்டால் கோர்ட் தரகரிடம் முழுத்தொகையையும் கேட்கும், தரகர் வீட்டை எடுப்பார். ஆனால் ஆள் செத்துவிட்டார் என்று மெய்ப்பிக்கப்பட்டால் கதை வேறு. இறந்தவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர யாராலும் முடியாதென்பதால் பிணை விடுவிக்கப்படும், வீடு தப்பும்.

இந்தக் கடைசி விதியில்தான் மொத்தப் படமும் தொங்குகிறது. அப்பா உயிரோடு கிடைத்தால் கோர்ட்டில் நிறுத்தலாம். செத்திருந்தால் அதற்குச் சான்று வேண்டும். காணவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவரை இறந்தவராகச் சட்டம் ஏற்கப் பல ஆண்டுகள் ஆகும். ரீயிடம் இருப்பதோ சில நாட்கள். அப்பா உயிரோடு இல்லை என்று அறிந்ததும் அவள் மாரில் அடித்துக்கொள்ளாமல் எலும்பாவது கொடுங்கள் என்று கொன்றவர்களிடமே போய் நிற்பது இதனால்தான். விதி தெரியாதவருக்கு அவள் கல்நெஞ்சக்காரி.

பிணைத் தரகர் நேரில் வரும் காட்சியில் இன்னொரு வரி இருக்கிறது. வீடும் காடும் சேர்ந்தும் பிணைத் தொகையை எட்டவில்லை. மீதியைப் பெயர் சொல்லாத ஒருவர் ரொக்கமாகக் கொண்டுவந்து கட்டி ஜெஸப்பை வெளியே எடுத்திருக்கிறார். அன்பால் கட்டிய பணமல்ல அது. போலீஸிடம் வாய் திறந்தவனை உள்ளே வைத்துக் கொல்ல முடியாது, வெளியே எடுத்தால்தான் முடியும். கொலைக்கான காரணம், திட்டம், செய்தவர்களின் வசதி எல்லாம் அந்த ஒரே வரியில் இருக்கின்றன. இடம் போதவில்லை என்று ‘ஜாமீன் கட்டிட்டாங்க’ என அதைச் சுருக்கினால் கொலைக்குக் காரணமே இல்லாமல் போகிறது. கடைசியில் தரகர் அதே ரொக்கத்தை ரீயிடம் கொடுப்பதும் பார்வையாளருக்குப் புதிராகிவிடும். கட்டியவர் உரிமை கோரி வர முடியாது. வந்தால் கொலையாளி தானென்று சொன்னதாகும். ‘மீதிப் பணத்தை ஒருத்தர் ரொக்கமா கட்டினார். பேர் சொல்லலை.’ இரண்டு வரி, இரண்டும் வேண்டும்.

இங்கேதான் நம் மொழி நமக்குப் பெரிய உதவி செய்கிறது. பிணை என்றால் ஈடு. பிணை என்றால் கட்டு. பிணைப்பு என்றால் உறவு. இந்த மூன்றையும் ஒரே வேரில் வைத்திருக்கும் மொழியில் இந்தப் படத்துக்குத் துணைவசனம் எழுதுகிறோம். ஆகவே, கோர்ட் விடுவிப்பதற்கு ‘ஜாமீன்’ என்று எழுதினாலும் எழுதுங்கள், வீட்டை வைத்ததற்குப் ‘பிணை’ என்றே எழுதுங்கள். படத்தின் நடுவில், ரீயை அடித்துப் போட்டிருக்கும் தொழுவத்துக்குள் அவள் பெரியப்பா டியர்டிராப் தனியாக நுழைகிறார். இனி இவள் என்ன தவறு செய்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீதான் என்று அவரிடம் சொல்லப்படுகிறது, அவரும் ஏற்கிறார். அந்த இடத்திலும் அதே சொல் வரட்டும்: ‘இவளுக்கு நீ பிணை.’ தம்பி வீட்டைப் பிணை வைத்தான், அண்ணன் தன் உயிரைப் பிணை வைக்கிறான் என்று விளக்கவுரை இல்லாமலே தெரியும். ‘உத்தரவாதம்’, ‘ஜவாப்தாரி’, ‘கேரண்டி’ என்று இடத்துக்கு ஒரு சொல் போட்டால் இது குலைந்துவிடும்.

பெரியப்பா என்றோம். கவனித்துச் சொன்ன சொல் அது. ஆங்கிலத்தின் ‘அங்கிள்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்ததும் கை தானாக ‘மாமா’ என்று எழுதும். எழுதினால் படம் உடையும். டியர்டிராப், ஜெஸப்பின் அண்ணன். நாவலில் இது வெளிப்படையாகவே வருகிறது. மாமா என்றால் அம்மா வழி. வேறு வீட்டு ரத்தம், இந்தச் சண்டையில் ஒதுங்கி நிற்க உரிமை உள்ளவர். பெரியப்பா ஒதுங்கி நிற்க முடியாது. தொடக்கத்தில் அவர் ரீயை மிரட்டி விரட்டும் காட்சியில் ‘மாமா’ என்று வந்தால் வெறும் முரடன்; ‘பெரியப்பா’ என்று வந்தால், கடமையிலிருந்து தப்பிக்கப் பார்த்துத் தப்பிக்க முடியாமல் திணறுகிறவர். ஆங்கிலம் மறைத்து வைப்பதைத் தமிழ் வெளியே சொல்லியே ஆகவேண்டிய இடம் இது, சரியாகச் சொன்னால் ஆதாயம்தான்.

‘கசின்’ இன்னும் சிக்கல். அந்தப் பள்ளத்தாக்குகளில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் ஏதோ முறையில் சொந்தம்; எந்த முறை என்று படம் பல இடங்களில் சொல்லாது. தெரியாத இடத்தில் மச்சான், அத்தான் என்று இட்டுக்கட்டாதீர்கள். தமிழில் அவை திருமண உறவு கொள்ளும் முறைகள். இல்லாத ஒரு வாசலைத் திறந்துவிடும். அப்பா வழி என்று தெளிவாகத் தெரிந்தால் ‘பங்காளி’ நல்ல சொல். பங்கும் அதிலே, பகையும் அதிலே. தெளிவில்லாத இடத்தில் ‘சொந்தக்காரங்க’, ‘ஒரே ரத்தம்’ போதும். ரத்தம் என்ற சொல்லைக் கதாபாத்திரங்களே அடிக்கடி இழுப்பதால் அது உறுத்தாது.

நீ, நீங்க பிரிவிலும் இதே எச்சரிக்கை. ஆங்கிலத்தில் பேதம் இல்லாததால் காட்சியின் சூட்டைப் பார்த்து மாற்றத் தோன்றும்: ரீ கோபப்பட்டால் ‘நீ’, கெஞ்சினால் ‘நீங்க’. வேண்டாம். ஷெரிஃப், அந்தக் குலத்தின் தலைவர் தம்ப் மில்டன், அவர் வீட்டு மெராப், பெரியப்பா எல்லோரிடமும் அவள் பேச்சு கடைசிவரை ‘நீங்க’ என்றே இருக்கட்டும். அவள் பணிவாகத்தான் கேட்கிறாள். பின்வாங்க மறுக்கிறாள், அவ்வளவுதான். அந்த மக்களின் மிரட்டலும் இப்படியே. தம்ப் மில்டன் வீட்டு வாசலைக் காக்கும் மெராப், குளிரில் நிற்பவளுக்குக் குடிக்கச் சூடாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் போய்விடு என்கிறாள். உபசாரமும் மிரட்டலும் ஒரே கையில். அவள் ரீயை ‘நீ’ என்பாள், சரி. ஆனால் ‘ஏய்’, ‘அடியே’ சேர்த்தால் நாடகமாகிவிடும்.

வட்டார வழக்கு பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஓசார்க் மலைப்பகுதியின் ஆங்கிலம் தனி ஓசை உடையது, அதைத் தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு வட்டாரத் தமிழாக மாற்றினால் உயிர் வரும் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். பெரும்பான்மை முடிவு: கூடாது. குறிப்பிட்ட வழக்கு காதில் விழுந்த மாத்திரத்தில் அந்த ஊரும் சாதியும் மனதில் வந்துவிடும், ரீ டாலி மிசூரியை விட்டு வெளியேறிவிடுவாள். எல்லா ஊர்க்காரருக்கும் பொதுவான பேச்சுத் தமிழ், குறுகிய வாக்கியம். அது போதும்.

தனிச்சொற்களில் அவசியமானவை சில. போதைப்பொருள் செய்வதற்கு அவர்கள் சொல்வது ‘குக்’. ‘சமைப்பது’ என்று எழுதினால் ஜெஸப் சமையல்காரர் ஆகிவிடுவார். நம்மிடம் நேரான சொல் இருக்கிறது: காய்ச்சுவது. கள்ளத்தனம், நெருப்பு, ஊருக்குத் தெரிந்தும் தெரியாத தொழில் எல்லாம் அதற்குள் வந்துவிடும். ‘லா’ என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் போலீஸை. ‘சட்டம்’ என்றால் பொருள் நழுவும். ‘டியர்டிராப்’ பட்டப்பெயர், கண்ணோரம் பச்சை குத்திய துளிகளை நாவல் குறிப்பிடுகிறது. அதைக் ‘கண்ணீர்த்துளி’ என்று பெயர்த்தால் சிரிப்பு வரும். ஒலியை அப்படியே விடுங்கள். படத்தலைப்பையும் ‘குளிர்கால எலும்பு’ ஆக்கவேண்டாம்.

அணில் காட்சிக்கு வருகிறோம். ரீ தம்பி தங்கைக்குத் துப்பாக்கி பிடிக்கவும், சுட்ட அணிலை உரித்துக் குடலை எடுக்கவும் கற்றுக்கொடுக்கிறாள். சிலர் முகம் சுளிப்பார்கள் என்று திரையிடலில் இதை ஓட்டித் தள்ளும் யோசனை எழும். தள்ளாதீர்கள். தான் இல்லாமல் போனால் பிள்ளைகள் பட்டினி கிடக்கக்கூடாது என்று ஒரு 17 வயதுப் பெண் செய்யும் ஏற்பாடு அது. படத்தின் மற்ற இடங்களில் அவள் சொல்லாத பயம் இங்கேதான் தெரிகிறது. குடலைப் பார்த்துத் தம்பி இதையும் தின்போமா என்று கேட்பான். அக்காவின் பதில் இரண்டே சொல். அகராதி பார்த்து ‘இன்னும் இல்லை’ என்று எழுதினால் ஒன்றும் புரியாது. வெறுமனே ‘இல்லை’ என்றால் பொய். ‘அந்த நிலைமை இன்னும் வரலை’ என்பது கொஞ்சம் நீளம், ஆனால் நேரம் இருக்கிறது. வறுமையைப் பற்றி அந்தப் படம் பேசும் மிகச் சிறந்த வரி அதுதான் என்பது எங்கள் எண்ணம்.

அதற்கு இணையாக இன்னொன்று. பக்கத்து வீட்டில் மான் இறைச்சி தொங்குவதைப் பார்த்துத் தம்பி கேட்டு வாங்கலாமா என்பான். தானாகக் கொடுத்திருக்க வேண்டியதை நாமாகக் கேட்கக்கூடாது என்று ரீ கண்டிப்பாள். இந்த இடத்தில் ‘ஏற்பது இகழ்ச்சி’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். பொருள் அதுவல்ல. கொடுத்தால் அவள் வாங்கிக்கொள்கிறாள். அன்று இரவே வாங்குகிறாள். உறவுக்காரர் கொடுப்பது கடமை, அதைக் கேட்டு வாங்கினால் கடமை தானமாகிவிடும் என்பதுதான் அவள் கணக்கு. வீடு வீடாக அவள் அப்பாவைப் பற்றிக் கேட்கப் போகும்போது உடைவது இந்த விதியே.

இனி எழுத்தெண்ணிக்கை. ஆங்கிலத் துணைவசனத்துக்கு ஒரு வரியில் 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி, குறைந்தது முக்கால் விநாடிக்கு மேல், அதிகம் 7 விநாடி என்று ஒரு பழக்கம் இருக்கிறது. மென்பொருள் தமிழை எண்ணும்போது தவறு நேர்கிறது. ‘நீதிமன்றத்தில்’ என்ற சொல் நம் கண்ணுக்கு 8 எழுத்து. மென்பொருள் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி 14 என்கிறது. அது சிவப்புக் காட்டுகிறதே என்று பயந்து வெட்டினால் தேவையில்லாமல் அர்த்தம் போகும். கண்ணால் எண்ணுங்கள்: வரிக்கு 24 முதல் 28 எழுத்து, விநாடிக்கு 9 அல்லது 10. முதலில் சுருக்க வேண்டியது வினைமுற்று. ‘நீதிமன்றத்தில் முன்னிலையாகவில்லை என்றால்’ என்பதைக் ‘கோர்ட்டுக்கு வரலைன்னா’ என்று எழுதினால் ஏறக்குறையப் பாதியாகிவிடும், பேசுகிறவர் வாய்க்கும் பொருந்தும். வரியை முறிக்கும்போது பெயரெச்சத்தையும் பெயரையும் பிரிக்காதீர்கள்: ‘அப்பா வெச்ச’ மேலே, ‘வீடு’ கீழே என்று வந்தால் கண் தடுக்கும்.

கால்நடை ஏலக் காட்சியில் ஏலக்காரர் இடைவிடாமல் பாடுவதுபோல் விலை கூவுவார். அதற்குத் துணைவசனம் வேண்டாம். ரீ கத்திக் கூப்பிடுவது தம்ப் மில்டன் காதில் விழாமல் போவதே காட்சி. திரையில் எண்கள் ஓடினால் பார்வையாளர் மாட்டு விலையைப் படித்துக்கொண்டிருப்பார். தொடக்கத்தில் மரிடித் சிஸ்கோ பாடும் மிசூரி மாநிலப் பாடலுக்கும் எழுதத் தேவையில்லை. தாலாட்டுப்போல் இருக்கிறது என்பது கேட்டாலே தெரியும்.

துணைவசனக் கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8) எழுத்துக் குறியீட்டில் சேமியுங்கள். அதன் பிறகும் சில பழைய பிளேயர்களில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகிப் புள்ளிவட்டத்தோடு நிற்கும். சோதனைக்கு ‘கெ கே கை கொ கோ கௌ க்ஷ ஸ்ரீ’ என்ற ஒரு வரியை முதல் நிமிடத்தில் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஒன்று உடைந்தாலும் அந்தப் பிளேயரை நம்பாமல், துணைவசனத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்துக்கொள்ளுங்கள். நேரம் விலகினால் எப்படி விலகுகிறது என்று பாருங்கள். முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு தள்ளியிருந்தால் தொடக்கத்தில் வரும் நிறுவனச் சின்னங்களின் நீளம் வேறு. மொத்தமாக நகர்த்தினால் சரியாகிவிடும். தொடக்கத்தில் பொருந்திப் போகப்போக விலகினால் சட்டக வேகம் வேறு. விநாடிக்கு 23.976 சட்டகத்துக்கு எழுதியதை 24-ல் ஓட்டினால் 100 நிமிட முடிவில் 6 விநாடி பிசகும். 25-ல் ஓடும் ஐரோப்பிய டிவிடியில் ஓட்டினால் 4 நிமிடத்துக்கு மேல். இதை நகர்த்திச் சரிசெய்ய முடியாது, வேகத்தை மாற்றித்தான் ஆகவேண்டும். முதல் வசனமும் கடைசி வசனமும் பொருந்தினால் நடுவில் உள்ளவை பொருந்தும்.

புரொஜெக்டர்காரர்களுக்கு: இது குளிர்கால வெளிச்சத்தில் எடுத்த படம். ரெட் ஒன் டிஜிட்டல் கேமரா, மேகமூட்டமான சாம்பல், வீட்டுக்குள் ஒற்றை விளக்கு. படத்தின் உச்சம் இரவில், படகில், குளத்தின் நடுவில். மெராப் சொல்ல, ரீ நீருக்குள் கைவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்குகிறாள். சங்கிலி ரம்பம் ஓடுகிறது. இரண்டு கைகளும் வேண்டும், ஏனென்றால் ஒரு கையை உயிரோடிருப்பவனும் வெட்டிக்கொடுத்துவிட்டுத் தப்பலாம் என்று போலீஸ் சொல்லும். கைரேகைதான் மரணச் சான்றிதழ். இந்தக் காட்சியில் இருட்டு கரியாக அப்பிக்கொண்டால் ரம்பச் சத்தம் மட்டும் கேட்கும். என்ன நடந்தது என்று பின்வரிசை கேட்கும். பெரும்பாலும் காரணம் எச்டிஎம்ஐ அமைப்பில் இருக்கிறது. மடிக்கணினி கருமை முதல் வெண்மைவரையான ஒளியை 16 முதல் 235 வரையான அளவில் அனுப்ப, புரொஜெக்டர் 0 முதல் 255 என்று எதிர்பார்த்தால் படம் வெளிறும். தலைகீழானால் கருமை அப்பும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ‘டைனமிக்’ வகையை அணைத்து ‘சினிமா’ வகையில் வையுங்கள். படகுக் காட்சியில் நிறுத்தி, படகின் விளிம்பும் நீரும் தனித்தனியாகத் தெரியும்வரை பிரைட்னஸை ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றவேண்டாம்.

திரையைப் பெரிதாக்கும் ஆசையையும் அடக்குங்கள். திரைக்கு உண்மையில் 1,000 லூமென் ஒளி வந்து சேரும் புரொஜெக்டர், 3 மீட்டர் அகலத் திரையில் திரையரங்கின் அளவான 48 நிட் வெளிச்சத்தைத் தாண்டும். அதையே 5 மீட்டருக்கு இழுத்தால் அந்த 48-இல் பாதிதான். படத்தின் விகிதம் 1.85, 1920 அகலத் திரையில் மேலும் கீழும் 21 பிக்சல் கறுப்புக் கோடு வரும். அதை மறைக்கப் பெரிதாக்கினால் துணைவசனத்தின் அடி வெட்டுப்படும். நடுவில் ரீ மயங்கிக் கிடக்கும்போது கறுப்பு வெள்ளையில் ஒரு கனவு வருகிறது: மரங்கள், அணில்கள், ரம்பம். கேபிள் கழன்றுவிட்டது என்று நினைத்து யாரும் எழுந்து ஓடவேண்டாம்.

ஒலியில் ஒரே எச்சரிக்கை. காற்றும் நாயும் பேஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவியும் நன்றாகக் கேட்டு, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தால் பிளேயர் ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒலியை அனுப்புகிறது, உங்களிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். வசனம் வருவது நடு ஸ்பீக்கருக்கான தனி வழியில். அதற்கு ஸ்பீக்கர் இல்லாததால் விழுந்துவிட்டது. ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள்.

அனுமதியும் கேளுங்கள். வட்டு வாங்கியதோ தளத்தில் சந்தா கட்டியதோ வீட்டில் பார்க்கத்தான். கூட்டத்துக்குக் காட்ட உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. அமெரிக்காவில் இது ‘ஆர்’ சான்று பெற்ற படம், சிறுவர்களை அழைக்கவேண்டாம்.

முன்னுரைக்கு ஐந்து நிமிடம் என்றோம். மூன்று நிமிடத்தைப் பிணைக்குக் கொடுங்கள். மீதி இரண்டில் நிலத்தைச் சொல்லுங்கள். ஓசார்க் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம்; மேல்மண் மெலிது, கல் அதிகம், உழவுக்கு ஆகாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-இன் தொடக்கத்திலும் மரக் கம்பெனிகள் வந்து காட்டை வெட்டி எடுத்துவிட்டுப் போயின. பிறகு வளர்ந்த காடுதான் அந்தக் குடும்பங்களின் ஒரே சேமிப்பு. 2000-களில் பல ஆண்டுகள் மெத் ஆய்வகங்கள் அதிகம் பிடிபட்ட மாநிலம் மிசூரி. சளி மருந்தில் உள்ள சூடோஎஃபெட்ரினிலிருந்து அது காய்ச்சப்பட்டதால், 2006-ல் நடைமுறைக்கு வந்த கூட்டரசுச் சட்டம் ஒருவர் ஒருநாளில் வாங்கக்கூடிய அளவை 3.6 கிராமுக்குக் கட்டுப்படுத்தியது. ரீ படையில் சேர நினைப்பதையும் சொல்லிவிடுங்கள்: 40,000 டாலர் ஊக்கத்தொகை என்ற விளம்பரம் அவளை இழுக்கிறது. 17 வயதில் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் சேர முடியாது. அப்பாவைக் காணவில்லை, அம்மாவால் முடியாது. அந்தக் காட்சியில் எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் நடிகர் அல்ல, படைக்கு ஆள் சேர்க்கும் வேலையில் இருந்தவரே.

படப்பிடிப்பைப் பற்றி யாராவது கேட்டால் சொல்லச் சில செய்திகள். மிசூரியின் டேனி, கிறிஸ்டியன் என்ற இரு கவுண்டிகளில் (மாவட்டங்களில்), அங்கு வாழ்வோரின் வீடுகளிலேயே எடுத்தார்கள். உடைகளுக்குப் புதுச்சட்டைகளைக் கொடுத்து, ஊர்க்காரர்கள் உடுத்தித் தேய்ந்தவற்றை மாற்றாக வாங்கினார்கள். நாவலில் ரீக்கு இரண்டும் தம்பிகள். படத்தில் ஒன்று தங்கையானதற்குக் காரணம், படம்பிடித்த இடத்தில் வாழ்ந்த குடும்பத்தின் சிறுமியே அதில் நடித்தது. வறுமையைப் படமாக்க ஊருக்குள் நுழைகிறவர்கள் எப்போதும் இவ்வளவு கவனமாக இருப்பதில்லை என்பதை ஓர் ஓரமாகச் சொல்லிவைக்கலாம்.

படத்துக்குப் பின் கலந்துரையாடல் வைத்தால் ‘உங்களுக்கு என்ன தோன்றியது’ என்று தொடங்காதீர்கள், மௌனம்தான் கிடைக்கும். எரிந்த வீட்டில் தொடங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ரீயை எரிந்து கிடக்கும் ஓர் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய், உன் அப்பா இதில்தான் செத்தார் என்கிறார். அவள் ஏன் நம்பவில்லை என்று கேளுங்கள். சாம்பலுக்குள் களை உயர்ந்து வளர்ந்திருக்கிறது. அண்மையில் எரிந்த இடத்தில் அப்படி வளராது. செடி பார்த்துக் காலம் சொல்லத் தெரிந்தவள் அவள். அதே பயணத்தில் அவர், உன் தம்பியை மட்டும் நாங்கள் வளர்த்துக்கொள்கிறோம் என்கிறாரே, அது உதவியா, விலையா என்பது அடுத்த கேள்வி. அரங்கம் பேச ஆரம்பித்துவிடும்.

துணைவசனக்காரர்களுக்கு இன்னும் ஒன்றே ஒன்று. பாதிப் படத்துக்குப் பின் டியர்டிராப் ரீயிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறார்: யார் செய்தது என்று உனக்கு எப்போதாவது தெரியவந்தாலும் என்னிடம் சொல்லாதே. தெரிந்தால் அவர் போயே ஆகவேண்டும், போனால் திரும்பமாட்டார். கடைசிக் காட்சியில் பிள்ளைகளுக்குக் கோழிக்குஞ்சுகள் கொண்டுவருகிறார், ஜெஸப்பின் பேஞ்சோவை எடுத்துக் கொஞ்சம் மீட்டுகிறார், கீழே வைக்கிறார், எழுந்து போகும்போது யார் என்று தனக்குத் தெரிந்துவிட்டது என்கிறார். முதல் இடத்தில் ‘யாருன்னு தெரிஞ்சா’ என்று எழுதியிருந்தால் இங்கே ‘யாருன்னு தெரிஞ்சிடுச்சு’ என்றே எழுதுங்கள். நடுவில் ஒரு மணிநேரம்கூட இல்லை. அதே சொல் வந்தால் அரங்கத்துக்கு நினைவு வரும். ‘கொலைகாரனைக் கண்டுபிடிச்சிட்டேன்’ என்று மாற்றிவிட்டால், அவர் எங்கே போகிறார் என்பது ஒருவருக்கும் தெரியாது. அந்த வரிக்குப் பின் சின்னப்பெண் பேஞ்சோவைத் தட்டிப் பார்ப்பாள். பெயர்கள் ஓடி முடியும்வரை விளக்கைப் போடவேண்டாம்.

இப்படிக்கு,
துணைவசனம் எழுதுவோரும் புரொஜெக்டர் ஓட்டுவோரும் சிலர்